மெயில் வருகிறது, போகத்தான் மாட்டேன் என்கிறது: எங்கே சிக்கியது என்று பார்ப்பது எப்படி?

காலையில் பத்து மெயில் ஒழுங்காக வந்து இறங்கியிருக்கும். அதில் ஒன்றுக்குப் பதில் எழுதி அனுப்பினால் மட்டும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், இல்லையென்றால் புரியாத எண் ஒன்றோடு ஒரு சின்னப் பெட்டி முன்னால் வந்து நிற்கும். கணினியில் புதிதாக மெயில் பார்க்கத் தொடங்கியவர்கள் இந்த இடத்தில் குழம்பிப் போவார்கள். நெட் இருக்கிறது, பாஸ்வேர்ட் சரியாக இருப்பதால்தானே மெயில் வருகிறது, அப்புறம் ஏன் போகாது?

வருவதற்கும் போவதற்கும் வழி வேறு வேறு. உங்களுக்கு வந்த மெயிலை எடுத்துக் கொடுப்பது ஐமேப் அல்லது பாப் என்ற முறை. நீங்கள் எழுதியதை வாங்கிக்கொண்டு போவது எஸ்எம்டிபி என்ற வேறொரு முறை. அதன் விதிகளை 1982-இல் எழுதினார்கள், இன்றும் அடிப்படை அதுதான். இரண்டுக்கும் சர்வர் (மெயிலைக் கையாளும் நிறுவனத்தின் கணினி) பெயர் வேறு, போர்ட் (அந்தச் சர்வருக்குள் நுழையும் வாசல்) எண் வேறு, உங்கள் மென்பொருள் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்ட் கூடப் பல நேரம் தனித்தனி. அதனால் மெயில் வருகிறது என்பதை வைத்து, அனுப்பும் பக்கம் சரியாக இருக்கிறதா இல்லையா என்று எதுவும் சொல்ல முடியாது.

அவுட்லுக், தண்டர்பேர்ட், ஆப்பிள் மெயில் மாதிரி ஒரு மென்பொருளைக் கணினியில் போட்டு மெயில் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரவுசரில் மட்டும் பார்ப்பவர்கள் நடுவில் வரும் செட்டிங்ஸ் பகுதியைத் தாண்டிவிட்டு, திரும்பி வரும் மெயில்களைப் பற்றிய பகுதிக்குப் போய்விடலாம்.

தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். மெயில் போகவில்லை என்றதும் பலர் அக்கவுண்டையே அழித்துவிட்டு மறுபடி சேர்க்கப் பார்ப்பார்கள். பாப் முறையில் இருக்கும் அக்கவுண்ட் என்றால் பழைய மெயில்கள் உங்கள் கணினியில் மட்டுமே இருக்கலாம், சர்வரில் நகல் இருக்காது. அழிக்கும்போது மென்பொருள் "தகவல்களையும் நீக்கவா?" என்று கேட்கும், நாம் அவசரத்தில் ஆம் என்று அழுத்துவோம், அவ்வளவுதான். அக்கவுண்டை அழிப்பது கடைசி வழி. அதற்கு முன்னால் செய்ய நிறைய இருக்கிறது.

மெயில் இப்போது எங்கே இருக்கிறது?

முதல் வேலை இதுதான், செட்டிங்ஸ் பக்கமே போக வேண்டாம். இடது பக்கப் பட்டியலில் டிராஃப்ட்ஸ், அவுட்பாக்ஸ், சென்ட் என்ற மூன்றையும் திறந்து பாருங்கள். டிராஃப்ட்ஸில் இருந்தால் அது இன்னும் கிளம்பவே இல்லை. அவுட்பாக்ஸில் இருந்தால் கிளம்ப முயன்று உங்கள் கணினிக்குள்ளேயே நிற்கிறது, அதாவது கோளாறு கணினியிலோ, நெட்டிலோ, செட்டிங்ஸிலோ. சென்ட் கோப்புறையில் இருந்தால் பெரும்பாலும் உங்கள் சர்வர் அதை வாங்கிக்கொண்டுவிட்டது. அதற்கு அப்புறம் நடந்தது வேறு கதை, அதற்கு உங்கள் கணினியில் என்ன மாற்றினாலும் பயன் இல்லை.

தண்டர்பேர்டில் ஒரு குழப்பம் உண்டு. சில சமயம் மெயில் போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் அதன் நகலை சென்ட் கோப்புறையில் வைக்க முடியாமல் ஒரு செய்தி காட்டும். செய்தியைப் படிக்காமல் "போகவில்லை போலிருக்கிறது" என்று மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருப்போம், அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரே மெயில் ஆறு தடவை போயிருக்கும். நானே ஒரு தடவை இப்படி ஒருவரை இம்சை செய்திருக்கிறேன்.

பிரவுசரில் ஒரு சோதனை

இரண்டு நிமிடம்தான் ஆகும், ஆனால் பாதிப் பிரச்சினையை இதுவே பிரித்துக் கொடுத்துவிடும். அதே அக்கவுண்டைப் பிரவுசரில் திறந்து, இரண்டு சின்ன மெயில் அனுப்புங்கள், இணைப்புக் கோப்பு எதுவும் வேண்டாம். ஒன்று உங்கள் முகவரிக்கே, இன்னொன்று வேறு நிறுவனத்தில் உங்களுக்கோ வீட்டில் இருக்கும் வேறு யாருக்கோ இருக்கும் முகவரிக்கு. இரண்டும் போய்விட்டால் அக்கவுண்ட் நன்றாக இருக்கிறது, கோளாறு உங்கள் மென்பொருளிலோ கணினியிலோதான். பிரவுசரிலும் போகவில்லை என்றால் அக்கவுண்டில்தான் ஏதோ. இடம் நிரம்பியிருக்கலாம் (ஜிமெயிலில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி மெயிலுக்கு மட்டும் இல்லை, டிரைவும் ஃபோட்டோஸும் அதையேதான் தின்கின்றன), அல்லது சந்தேகத்தின் பேரில் அக்கவுண்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கலாம். அப்போது பிரவுசரிலேயே மேலே ஒரு எச்சரிக்கை தெரியும், அதைப் படித்து அது சொல்வதைச் செய்தால் போதும்.

அவுட்பாக்ஸில் நிற்கும் மெயில்

இங்கே முதலில் பார்க்க வேண்டியது கொஞ்சம் வெட்கப்பட வைக்கும் விஷயம்: மென்பொருள் ஆஃப்லைனில் இருக்கிறதா? அவுட்லுக்கில் அனுப்பு/பெறு பட்டையில் 'வொர்க் ஆஃப்லைன்' என்று ஒரு பொத்தான் இருக்கும், கை தவறி அழுத்திவிட்டால் அப்படியே கிடக்கும். தண்டர்பேர்டில் கீழே இடது மூலையில் சின்னப் படம் ஒன்று, அதைத் தொட்டாலே ஆஃப்லைனுக்குப் போய்விடும்.

அவுட்லுக்கின் பழைய பதிப்புகளில் இன்னொன்றும் உண்டு. அவுட்பாக்ஸில் காத்திருக்கும் மெயிலை, "ஏன் போகவில்லை?" என்று நீங்கள் திறந்து பார்த்தாலே போதும், அது அனுப்பும் வரிசையிலிருந்து வெளியே வந்துவிடும். மூடினாலும் திரும்ப வரிசைக்குப் போகாது. சாய்வெழுத்தில் இருந்த பெயர் நேரெழுத்தாக மாறியிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று அர்த்தம். திறந்து மறுபடி அனுப்பு பொத்தானை அழுத்த வேண்டும்.

அடுத்தது மெயிலோடு சேர்த்து அனுப்பும் பெரிய கோப்பு. மெயில் என்பது எழுத்துகளை மட்டும் கொண்டுபோவதற்காக உருவான ஒன்று, அதனால் படமோ பிடிஎஃப்போ எதுவானாலும் எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்ப முடியும். அந்த மாற்றத்தில் கோப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஊதிவிடும். மொத்தம் 20 எம்பி வரைதான் என்று வரம்பு வைத்திருக்கும் சர்வரிடம் 16 எம்பி கோப்பைக் கொடுத்தால், போகும் வழியில் அது கிட்டத்தட்ட 22 எம்பி ஆகி, வாங்க மாட்டேன் என்று சொல்லிவிடும். "வரம்புக்குள்தானே இருக்கிறது?" என்று நாம் மண்டையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். உங்கள் சர்வர் விட்டாலும் வாங்குபவரின் சர்வருக்கு வேறு வரம்பு இருக்கலாம். 10 எம்பி தாண்டினாலே டிரைவ் மாதிரி ஏதாவது ஒன்றில் ஏற்றிவிட்டு அதன் லிங்க்கை அனுப்புவது நல்லது என்பது என் கட்சி.

பெரிய மெயில் ஒன்று அவுட்பாக்ஸில் மாட்டிக்கொண்டால் அதற்குப் பின்னால் இருப்பவையும் சேர்ந்து நின்றுவிடுவது உண்டு. அதை அழிக்கப் போனால் "அனுப்பிக்கொண்டிருக்கிறேன், அழிக்க முடியாது" என்று அவுட்லுக் அடம் பிடிக்கும். வேண்டுமென்றே ஆஃப்லைனுக்குப் போங்கள், அவுட்லுக்கை மூடித் திறங்கள், அந்த மெயிலை டிராஃப்ட்ஸுக்கு இழுத்துப் போடுங்கள், அப்புறம் ஆன்லைனுக்கு வாருங்கள். மற்றவை சரசரவென்று கிளம்பும்.

செட்டிங்ஸில் பார்க்க வேண்டியவை

இங்கே ஒரே ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றுவதற்கு முன் பழையது என்ன என்று எழுதி வையுங்கள் அல்லது திரையைப் படம் எடுத்து வையுங்கள். நான்கை ஒன்றாக மாற்றி மெயில் போனாலும் எது காரணம் என்று தெரியாது, போகாவிட்டால் முதலில் இருந்த நிலைக்குத் திரும்பவும் முடியாது.

தண்டர்பேர்டில் அனுப்பும் சர்வரின் விவரம் அக்கவுண்டுக்குள் இருக்காது, அக்கவுண்ட் செட்டிங்ஸ் பட்டியலில் தனியாக 'அவுட்கோயிங் சர்வர்' என்று இருக்கும். புதியவர்கள் அக்கவுண்டுக்குள்ளேயே தேடித் தேடிச் சோர்ந்து போவார்கள். இரண்டு மூன்று அக்கவுண்ட் வைத்திருந்தால் ஒன்றின் மெயில் இன்னொன்றின் சர்வர் வழியாகப் போகும்படி மாறியிருக்கிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள், அடிக்கடி நடக்கும் தவறு இது.

சர்வர் பெயர் உங்கள் மெயில் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் இருக்கும், எங்கோ பழைய குறிப்பில் பார்த்ததை நம்ப வேண்டாம். ஜிமெயிலுக்கு எஸ்எம்டிபி, ஜிமெயில், காம் என்ற மூன்றையும் நடுவில் புள்ளி வைத்து ஆங்கில எழுத்தில் தர வேண்டும். பயனர் பெயர் என்ற இடத்தில் முழு முகவரியையும் போடுங்கள்; அட் குறிக்கு முன்னால் இருப்பதை மட்டும் போட்டால் பெரும்பாலான இடங்களில் ஏற்காது. 'அனுப்பும் சர்வருக்கும் உள்நுழைவு தேவை' என்ற பொருளில் ஒரு தேர்வுக் கட்டம் இருந்தால் அதில் டிக் இருக்க வேண்டும்.

அப்புறம் போர்ட். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் மாட்டுவது இங்கேதான். பழைய போர்ட் 25. வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள் அதன் வழியாக ஸ்பேமை அள்ளி வீசத் தொடங்கியதால், பல இணைய நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் 25-ஐ அடைத்து வைத்திருக்கின்றன. இன்று அது சர்வரும் சர்வரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வாசல், நமக்கானது இல்லை. நமக்கு இரண்டு வாசல்: 587, 465. இதில் 587-க்குப் பாதுகாப்பு வகை (நடுவில் யாரும் படிக்காதபடி பூட்டும் முறை) 'ஸ்டார்ட் டிஎல்எஸ்' என்று இருக்க வேண்டும், 465-க்கு 'எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்'. இந்த ஜோடியை மாற்றிப் போட்டால்தான் வேடிக்கை. போர்ட் 465-ல், சர்வர் முதலில் பூட்டுப் போட்டுக்கொண்டுதான் பேசும். நீங்கள் ஸ்டார்ட் டிஎல்எஸ் என்று வைத்திருந்தால் உங்கள் மென்பொருள் சர்வர் வணக்கம் சொல்லட்டும் என்று காத்திருக்கும், சர்வர் நீங்கள் பூட்டை நீட்டட்டும் என்று காத்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நிற்கும், கடைசியில் நேரம் முடிந்தது என்று செய்தி வரும். ரொம்ப நேரம் சுற்றிவிட்டு வரும் 'டைம்டு அவுட்' செய்தியைப் பார்த்தால், நெட்டைத் திட்டுவதற்கு முன் இந்த ஜோடியைச் சரிபாருங்கள்.

இணைய இணைப்பை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய மறுநாளிலிருந்து மெயில் போகவில்லையா? பழைய நிறுவனம் கொடுத்த அனுப்பும் சர்வரை இன்னும் வைத்திருப்பீர்கள். தன் இணைப்பில் இருப்பவர்களின் மெயிலை மட்டுமே வாங்கும் சர்வர்கள் உண்டு. உங்கள் மெயில் அக்கவுண்டின் சொந்தச் சர்வருக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

பாஸ்வேர்ட் சரிதான், ஆனாலும் ஏற்கவில்லை

535 என்ற எண்ணோடு செய்தி வந்தால் பயனர் பெயரையோ பாஸ்வேர்டையோ சர்வர் ஏற்கவில்லை. பிரவுசரில் அதே பாஸ்வேர்ட் வேலை செய்யும், மென்பொருளில் செய்யாது. இதற்குப் பெரும்பாலும் காரணம், பெரிய நிறுவனங்கள் வெறும் பாஸ்வேர்டை வைத்து மென்பொருள்களை உள்ளே விடுவதை நிறுத்திவிட்டன என்பதுதான். கூகுள் தனிநபர் அக்கவுண்டுகளுக்கு 2022 மே 30-இலிருந்து நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் தன் தனிநபர் அவுட்லுக் அக்கவுண்டுகளுக்கு 2024 செப்டம்பர் 16-இல் நிறுத்தியது. அதற்கு முன்னால் செட்டிங்ஸ் போட்டு வைத்து, பல வருடம் தொடாமல் விட்டவர்களுக்கு ஒரு நாள் திடீரென்று நின்றுபோனது இதனால்தான்.

இதற்கு வழி இரண்டு. மென்பொருள் புதியதாக இருந்தால் உள்நுழைவு முறையை 'ஓஆத்2' என்று மாற்றுங்கள். ஒரு பிரவுசர் ஜன்னல் திறக்கும், அங்கே உள்நுழைந்து அனுமதி கொடுத்தால் முடிந்தது. மென்பொருள் பழையது, அந்த முறையே அதில் இல்லை என்றால், கூகுளில் ஆப் பாஸ்வேர்ட் என்ற 16 எழுத்துக் கடவுச்சொல் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம், அதற்கு முதலில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு போட்டிருக்க வேண்டும். உங்கள் முதன்மை பாஸ்வேர்டை மாற்றினால் இந்த ஆப் பாஸ்வேர்ட் செல்லாமல் போய்விடும், புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் தனிநபர் அக்கவுண்டுக்கு ஓஆத்2 தான் வழி.

சமீபத்தில் பாஸ்வேர்ட் மாற்றியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வாங்கும் பக்கத்துக்குப் புதியதைக் கொடுத்திருப்பீர்கள், அனுப்பும் பக்கத்தில் பழையதே தங்கியிருக்கும். தண்டர்பேர்டில் சேமித்த பாஸ்வேர்டுகள் பட்டியலைத் திறந்தால் ஐமேப் என்று தொடங்கும் வரி ஒன்றும் எஸ்எம்டிபி என்று தொடங்கும் வரி ஒன்றும் தனித்தனியாகத் தெரியும். எஸ்எம்டிபி வரியை மட்டும் நீக்கிவிட்டு ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள், புதிதாகக் கேட்கும்.

நெட், ஆன்ட்டிவைரஸ், கடிகாரம்

செட்டிங்ஸ் எல்லாம் சரி, ஆனாலும் சர்வரைத் தொடவே முடியவில்லை என்றால் கணினியை உங்கள் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். அங்கே போனால் வீட்டு இணைப்போ ரவுட்டரோதான் தடுக்கிறது. அங்கேயும் போகவில்லை என்றால் தடை கணினிக்குள்ளேயே இருக்க வாய்ப்பு அதிகம். விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு ஒரு முறை முயலுங்கள். ஆன்ட்டிவைரஸ் மென்பொருள் சில, போகும் மெயிலை நடுவில் நிறுத்தித் திறந்து சோதிக்கும், அதில் சான்றிதழ் (சர்வர் தன்னை யார் என்று நிரூபிக்கக் காட்டுவது) குளறுபடி ஆகி இணைப்பு அறுந்துவிடும். மொத்த ஆன்ட்டிவைரஸையும் நிறுத்த வேண்டியதில்லை, அதன் செட்டிங்ஸில் 'வெளியே போகும் மெயிலைச் சோதி' என்ற பொருளில் இருப்பதை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள்.

கடிகாரத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். என்னிடம் இருந்த ஒரு பழைய கணினியில் திடீரென்று மெயில் போகவில்லை, சான்றிதழ் செல்லாது என்றது. போர்டை மாற்றினேன், பாஸ்வேர்டை மாற்றினேன், மென்பொருளையே எடுத்துவிட்டு மறுபடி போட்டேன், ஒரு மதியம் முழுக்க இதே வேலை. கடைசியில் பார்த்தால் மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரி சின்ன பேட்டரி செத்துப்போய், கணினி ஏதோ பழைய வருடத்தில் வாழ்ந்துகொண்டிருந்தது. சர்வரின் சான்றிதழ் அந்த வருடத்தில் இன்னும் பிறக்கவே இல்லை, எப்படி ஏற்கும்? தேதியைச் சரிசெய்த அடுத்த நொடி மெயில் போனது. அதிலிருந்து சான்றிதழ் என்ற சொல்லைப் பார்த்தாலே முதலில் திரையின் மூலையில் தேதியைத்தான் பார்ப்பேன்.

போன மெயில் திரும்பி வந்தால்

'மெயிலர் டீமன்' போன்ற பெயரிலிருந்து ஒரு மெயில் வந்தால் அழித்துவிடாதீர்கள், உங்களுக்கு வேண்டிய பதில் அதற்குள்தான் இருக்கிறது. நீளமாக, பயமுறுத்துகிற மாதிரி இருக்கும். மூன்று இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். 4-ல் தொடங்கினால் தற்காலிகம். சர்வர் மறுபடி மறுபடி தானாகவே முயலும், சில நாட்கள் வரைக்கும் கூட. தாமதமாகிறது என்று செய்தி வந்ததும் நீங்களும் மறுபடி அனுப்பினால் அந்தப் பக்கம் இரட்டையாகப் போய்ச் சேரும், சும்மா இருப்பதே வேலை. 5-ல் தொடங்கினால் முடிந்த முடிவு, நீங்கள் எதையாவது மாற்றாமல் அது போகாது.

550 என்ற எண் அதிகம் வரும், ஆனால் அதற்குப் பல அர்த்தம். அதன் பக்கத்தில் புள்ளி வைத்த இன்னொரு எண் இருந்தால் அதைப் பாருங்கள். 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரியே இல்லை. காம் என்பதற்குப் பதிலாகக் கான் என்று அடித்திருப்பீர்கள், அல்லது மென்பொருள் தானாக நிரப்பிய பழைய முகவரியைக் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள். 5.2.2 என்றால் அவருடைய பெட்டி நிரம்பிவிட்டது, வேறு வழியில் அவரிடம் சொல்லுங்கள். 5.7.1 என்றால் அனுமதி மறுப்பு. 'ரிலே' என்ற சொல் பக்கத்தில் இருந்தால் உள்நுழையாமல் அனுப்ப முயன்றிருக்கிறீர்கள், மேலே சொன்ன டிக் கட்டத்தைப் பாருங்கள். ஸ்பேம் என்றோ கொள்கை என்றோ இருந்தால் மெயிலில் இருக்கும் லிங்க்குகளையும் கோப்புகளையும் எடுத்துவிட்டு வெறும் இரண்டு வரி அனுப்பிச் சோதியுங்கள். இஎக்ஸ்இ வகைக் கோப்புகளை ஜிமெயில் ஏற்காது, ஜிப் செய்து உள்ளே ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடும்.

ஒரே நாளில் நிறையப் பேருக்கு அனுப்பினாலும் தடை விழும். சாதாரண ஜிமெயில் அக்கவுண்டுக்கு ஒரு நாளைக்கு 500 மெயில் என்பது வரம்பு, தாண்டினால் 1 முதல் 24 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் செட்டிங்ஸைத் தோண்டிக்கொண்டிருக்காதீர்கள், தானாகத் திறந்துவிடும்.

நீங்கள் அனுப்பாத மெயிலெல்லாம் உங்களுக்குத் திரும்பி வருகிறது என்றால் அது வேறு ரகம். யாரோ உங்கள் முகவரியை அனுப்புநர் என்று பொய்யாகப் போட்டிருக்கலாம், அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, சில நாளில் ஓய்ந்துவிடும். ஆனால் சென்ட் கோப்புறையில் நீங்கள் எழுதாத மெயில்கள் கிடந்தால் அக்கவுண்டுக்குள் ஆள் புகுந்திருக்கிறார். சுத்தமான வேறொரு சாதனத்திலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, ஃபில்டர்களையும் ஃபார்வர்டிங்கையும் பாருங்கள். புகுந்தவர்கள் உங்களுக்கு வரும் மெயில் தங்களுக்கும் வருகிற மாதிரி அங்கே ஒரு வரி சேர்த்துவிட்டுப் போவார்கள்.

எதுவும் சரிவராமல் உதவி கேட்கப் போகிறீர்களா?

"மெயில் போகவில்லை" என்று மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவர் இருபது கேள்வி கேட்பார். செய்தியில் இருந்த வாக்கியத்தை ஒரு எழுத்து விடாமல் நகல் எடுங்கள், எண்ணோடு சேர்த்து. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, அனுப்பும் சர்வர், போர்ட், பாதுகாப்பு வகை. பிரவுசரில் போனதா, ஹாட்ஸ்பாட்டில் போனதா. கடைசியாக எப்போது ஒழுங்காகப் போனது, அதற்கும் இதற்கும் நடுவில் என்ன மாறியது: புது ரவுட்டர், புது ஆன்ட்டிவைரஸ், பாஸ்வேர்ட் மாற்றம், விண்டோஸ் அப்டேட், எதுவானாலும் சரி. திரையைப் படம் எடுத்து அனுப்பினால் அதில் பாஸ்வேர்ட் தெரிகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு அனுப்புங்கள். உதவி செய்பவர் யாராக இருந்தாலும் பாஸ்வேர்டைக் கேட்டால் கொடுக்க வேண்டாம், இந்த வேலைக்கு அது தேவையே இல்லை.